கடலூருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கடலூருக்கு மாற்றலாகி வருகிறவர்கள் வீடு பார்க்கும்போது தவறாமல் கேட்கும் கேள்வி, "இங்க தண்ணி எப்படிங்க?" வீட்டுக்காரர்களும் தவறாமல் சொல்லும் பதில், "அதுக்கென்ன, இருபத்துநாலு மணி நேரமும் வரும்." அந்தப் பதிலில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் எந்நேரமும் வருவது பெரும்பாலும் போர் தண்ணீர், அதாவது வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதைக் குடிக்கலாமா, சமைக்கலாமா, குழந்தைக்குப் பால் கரைக்கலாமா என்பதை நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல வருடங்களாக இந்த ஊரில் இருக்கிறேன், நான்கு வாடகை வீடுகள் மாறியிருக்கிறேன். எங்கள் தெருவுக்குப் புதிதாக வருபவர்களிடம் வாய்மொழியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் எல்லோரும் உப்பைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். உப்பு நாக்குக்குத் தெரியும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், மீட்டரில் எண்ணாக வரும். ஆளைப் படுக்கவைப்பது கிருமி. அது தண்ணீரில் இருந்தால் நிறமும் மாறாது, ருசியும் மாறாது. அதனால் கிருமியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

முதல் நாள்: எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர்?

சாமான் இறக்கிய கையோடு வீட்டுக்காரரையோ பழைய பிளம்பரையோ கூட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் எங்கே விழுகிறது? போர் மோட்டார் எந்தத் தொட்டிக்கு ஏற்றுகிறது? சமையலறைக் குழாய் எந்தத் தொட்டியோடு சேர்ந்திருக்கிறது? பல வீடுகளில் இரண்டு தண்ணீரும் தரைக்கடியில் இருக்கும் ஒரே தொட்டியில், அதாவது சம்பில் விழும், அல்லது மாடித் தொட்டியில் கலக்கும். வீட்டுக்காரர் "நல்ல தண்ணி" என்று நம்பிச் சொல்வது பாதி போர் தண்ணீராக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் போர் வால்வை மூடிவிட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து பாருங்கள்.

அப்படியே மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். போர் எத்தனை அடி? செப்டிக் டேங்க் எந்தப் பக்கம்? சம்பை எப்போது கழுவினீர்கள்? போருக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே குறைந்தது 50 அடி இருக்க வேண்டும். சின்ன மனைகளில் அந்த இடைவெளி கிடைப்பதில்லை, பக்கத்து வீட்டு டேங்க் நம் போரை ஒட்டியே இருக்கும். ஆகவே பக்கத்து வீட்டாரையும் கேளுங்கள். சங்கடமான கேள்விதான், ஆனால் கேட்காமல் விடக்கூடாது.

சம்ப் மூடியைத் தூக்குங்கள்

இதில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். ஒரு நவம்பரில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். வந்த இரண்டாம் வாரம் பிள்ளைகள் இருவருக்கும் வயிற்றுப்போக்கு. மருந்து கொடுத்ததும் நின்றது, நாலு நாள் கழித்துத் திரும்ப வந்தது. வீட்டில் குடிப்பது கேன் தண்ணீர்தான். அதனால் வெளியே சாப்பிட்டதைத்தான் சந்தேகப்பட்டோம். மூன்றாவது முறையும் வந்தபோது என் மாமியார் கேட்டார்: "பல்லு தேய்க்கிறது எந்தத் தண்ணி? கீரை அலசுறது எந்தத் தண்ணி?"

அன்று மாலை சம்ப் மூடியைத் தூக்கினேன். சிமென்ட் மூடியின் ஒரு மூலை உடைந்து, அதன் மேல் ஓர் ஓட்டுத் துண்டை வைத்திருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. சுவரோரம் மட்டும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பாக ஈரம் கசிந்திருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன என்று வெளியே போய்ப் பார்த்தேன். குளியலறைத் தண்ணீர் போகும் திறந்த சாக்கடை. மழையில் அது நிரம்பும்போதெல்லாம் எங்கள் சம்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை தெளிவான தண்ணீரில்தான் பல் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

சம்பில் பார்க்க வேண்டியவை: மூடி இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா, மூடியின் விளிம்பு தரையைவிட ஒரு ஜாணாவது உயர்ந்திருக்கிறதா, சுவரில் கசிவோ வேரோ தெரிகிறதா, அடியில் வண்டல் எவ்வளவு. மாடித் தொட்டியில் மூடியையும், வழிகிற குழாய்க்கு வலை கட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வலை இல்லாவிட்டால் பல்லி விழும், கொசு முட்டை இடும்.

கழுவுவது இப்படி. மோட்டாரை மெயினிலேயே அணைத்துவிடுங்கள். மூடியைச் சில மணி நேரம் திறந்து வைத்த பிறகே உள்ளே இறங்க வேண்டும், மேலே ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். மூடிக்கிடந்த சம்பில் தனியாக இறங்கி உயிர் விட்டவர்கள் உண்டு. வண்டலை வாரி, சுவரைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு 10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சுவர் முழுக்கப் பூசி, அரை மணி நேரம் விட்டு அலசி வெளியேற்றுங்கள். நெடி மூக்கைத் துளைக்கும் என்பதால், பூசியதும் ஆள் மேலே வந்துவிட வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும் இப்படிக் கழுவினால் போதும்.

தெருக்குழாயில் நடப்பது

கேப்பர் மலைப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வருவது பல காலமாக நடக்கிறது. ஆழத்தில் மணற்கல் அடுக்கிலிருந்து வருவதால் கிளம்பும் இடத்தில் அது பெரும்பாலும் நல்ல தண்ணீர்தான். குளோரினும் போடுகிறார்கள். கெடுவது வரும் வழியில்.

குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. திறந்துவிடும் நேரம் முடிந்ததும் குழாய் காலியாகிறது. காலியான குழாய் உறிஞ்சும். இணைப்பு விட்டுப்போன இடத்தில் பக்கத்தில் சாக்கடை நீர் தேங்கியிருந்தால் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் தண்ணீர் திறந்ததும் அந்த அழுக்குதான் முதலில் நம் வீட்டுக்கு வரும். இதில் இன்னொரு கேடும் உண்டு. தண்ணீர் மெதுவாக வருகிறதென்று குழாயிலேயே மோட்டாரை மாட்டி இழுக்கிறார்கள். சட்டப்படி அது குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அந்த மோட்டார் தெருவில் உள்ள எல்லா ஓட்டைகள் வழியாகவும் சாக்கடையைச் சேர்த்தே இழுக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எதிர்வீட்டுக் குழந்தையும் அதே குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

நாம் செய்யக்கூடியது, தண்ணீர் வந்ததும் முதல் ஐந்து நிமிடம் வருவதை வாளியில் பிடித்து வாசல் தெளிக்கவோ கழிவறைக்கோ வைத்துக்கொள்வது. பிறகு வருவதைக் குடத்தில் பிடியுங்கள். லேசாகக் குளோரின் வாசனை வந்தால் முகம் சுளிக்க வேண்டாம், அது நல்ல அறிகுறி. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கலங்கலாகவோ சாக்கடை வாடையோடோ வந்தால் மாநகராட்சியில் எழுதிக் கொடுங்கள். தெருவில் நாலு வீட்டார் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.

உங்கள் தெரு எங்கே இருக்கிறது?

போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும். தேவனாம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் மணலுக்குள் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய அடுக்காகக் கடல் நீரின் மேல் மிதக்கிறது. மேலே நல்ல தண்ணீரின் மட்டம் ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு நீர் ஏறத்தாழ 40 அடி ஏறிவரும். அதனால் அங்கே போரை ஆழமாக்குவது பல நேரம் உப்பைக் கூப்பிடுவதில்தான் முடியும். கெடிலமும் உப்பனாறும் கடலைத் தொடும் பகுதிகளில் ஏற்றத்தின்போது கடல் நீர் ஆற்றுக்குள் வரும், கரையோரப் போர்களில் கோடையில் உப்பு கூடும். கேப்பர் மலைப் பக்கம் செம்மண் பூமி, அங்கே உப்பைவிட இரும்பைத்தான் பார்க்க வேண்டும்.

முதுநகருக்குத் தெற்கே சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில் குடியேறுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, மிகக் கடுமையாக மாசுபட்டவற்றின் பட்டியலில் கடலூரும் இருந்தது. ரசாயனக் கரைப்பான்களையோ கன உலோகங்களையோ வீட்டில் செய்யும் எந்தச் சோதனையும் காட்டாது. கொதிக்க வைத்தாலும் உலோகம் போகாது. அந்தப் பகுதியில் போர் தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். வெளியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: வீட்டிலேயே சோதிப்பது

ஒரு கண்ணாடி டம்ளரில் போர் தண்ணீரைப் பிடித்து ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து காலையில் செம்மஞ்சளாகப் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. சீக்கிரம் தெரியவேண்டுமென்றால், கொய்யா இலை இரண்டைக் கசக்கி டம்ளரில் போடுங்கள். இரும்பு அதிகமிருந்தால் சற்று நேரத்தில் இலையைச் சுற்றிக் கருநீலம் பிரிய ஆரம்பித்து, கலக்கினால் நீர்த்த மை மாதிரி ஆகிவிடும். டீ டிகாக்‌ஷன் ஊற்றினாலும் இப்படித்தான் கறுக்கும். இரும்பால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை. வேட்டி மஞ்சளாகும், ருசி கெடும், வடிகட்டிகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். உயரத்திலிருந்து கொட்டிக் காற்றுப் படவிட்டு, மணலில் வடித்தால் பெரும்பகுதி நீங்கிவிடும்.

சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போனாலும், துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் நின்றாலும் அது கடின நீர்.

டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளலாம். அது காட்டுவது கரைந்த உப்புகளின் தோராயமான மொத்தத்தை மட்டும்தான். 150 காட்டும் தண்ணீரில் சாக்கடைக் கிருமி இருக்கலாம், 900 காட்டும் தண்ணீர் கிருமியே இல்லாமல் இருக்கலாம். விற்பனைக்கு வருபவர் உங்கள் முன்னால் மீட்டரை முக்கிச் சிவப்பு எண்ணைக் காட்டினால் பதறிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கிருமிக்கு எளிய சோதனை ஹைட்ரஜன் சல்பைடு குப்பி. மருந்து தடவிய தாள் உள்ளே இருக்கும். குறியிட்ட அளவு வரை தண்ணீர் ஊற்றி மூடி, வெயில் படாமல் வைக்க வேண்டும். ஒன்று இரண்டு நாளில் கறுத்தால் மலக் கலப்பு இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர்ச் சூட்டுக்கு அடுப்பு, பெட்டி எதுவும் தேவையில்லை, அலமாரியில் வைத்தாலே போதும்.

முதல் மாதம்: ஆய்வகத்துக்குக் கொடுப்பது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. கட்டணம் கட்டினால் பொதுமக்களின் தண்ணீரையும் சோதித்துத் தருவார்கள். ரசாயனச் சோதனைக்குச் சுத்தமான இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேன் போதும். அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு நம் வீட்டு பாட்டில் உதவாது, ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்குங்கள். குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, பாட்டில் வாயிலும் மூடியின் உட்புறத்திலும் விரல் படாமல் பிடியுங்கள். ஐஸ் போட்ட பையில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். காலையில் பிடித்தால் வசதி.

அறிக்கை வந்ததும் முதலில் கிருமிக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம், ஈ.கோலி வரிகளைப் பாருங்கள். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அடுத்தது நைட்ரேட், லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, அதில் தளர்வே கிடையாது. செப்டிக் டேங்க்கோ வயல் உரமோ கலந்தால் இது ஏறும். கைக்குழந்தைக்கு, அதுவும் ஆறு மாதத்துக்கு உட்பட்டதற்கு, நைட்ரேட் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுத்து உடம்பை நீலம் பாய வைத்துவிடும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்றிச் செறிவு கூடத்தான் செய்யும். பால் பவுடர் கரைக்கிற வீடுகளில் இந்த ஒரு வரிக்காகவே சோதனை செய்யலாம்.

மற்றவையும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்குத்தான். ஃபுளோரைடு 1.0 வரை நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. கரைந்த உப்பு 500, கடினத்தன்மை 200, குளோரைடு 250 வரை விரும்பத்தக்கது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் முறையே 2000, 600, 1000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது தர நிர்ணயம்.

எதை வாங்குவது?

குழாய்த் தண்ணீர் கிடைத்து, உப்பு 500-க்குள் இருந்தால், சவ்வு வழியாகத் தள்ளி உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவி தேவையே இல்லை. நன்றாக வடிகட்டி, தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் விட்டு இறக்குங்கள். அந்தப் பாத்திரத்திலேயே ஆறவைத்து மூடி வையுங்கள். கைவிட்டு மொள்ளாமல், நீளக் கைப்பிடி வைத்த கரண்டியோ குழாய் வைத்த பானையோ பயன்படுத்துங்கள். கொதிக்க வைத்த தண்ணீர் வீணாவது பெரும்பாலும் கை நனையும் இடத்தில்தான். சீரகம் போடுவது உங்கள் ருசி. அடுப்புச் செலவு கட்டுப்படியாகாவிட்டால் புற ஊதா விளக்கு வைத்த கருவி நல்லது, ஆனால் கலங்கலான தண்ணீரில் அது வேலை செய்யாது. தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டால் கலங்கல் தெளியும், அம்மா காலத்து வழி, இன்றும் உதவும். அது கிருமியை முழுதாக நீக்காது, தெளிந்த பிறகும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

போர் ஒன்றே கதி, உப்போ நைட்ரேட்டோ அதிகம் என்றால் ஆர்.ஓ. வாங்குங்கள். வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: இதில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருக்கிறதா? ருசிக்காகச் சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு அது. நைட்ரேட் பிரச்சினை உள்ள வீட்டில் அதை முழுதாக மூடச் சொல்லுங்கள். உப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் கொஞ்சம் கலக்கலாம், தண்ணீர் சப்பென்று இருக்காது. வெளியே தள்ளும் கழிவு நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம். உப்புப் போரிலிருந்து வந்த கழிவு நீரைச் செடிக்கு ஊற்றினால் கருவேப்பிலை பட்டுப்போகும், பார்த்திருக்கிறேன்.

கேன் வாங்குபவர்கள் லேபிளில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், நிரப்பிய தேதி, நிறுவனத்தின் முகவரி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூடியின் மேல் ஒட்டிய உறை பிரிந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேன் உள்ளே பச்சை படிந்திருந்தாலும் அப்படியே. டிஸ்பென்சர் பானையை வாரம் ஒரு முறை கழுவ வேண்டும், இதைப் பலரும் செய்வதில்லை.

அக்டோபர் பிறந்ததும்

நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சலுக்குப் பிறகு தென்பெண்ணை பொங்கியது என்று ஊர் பல முறை பார்த்துவிட்டது. கரண்ட் இல்லாமல் போனால் ஆர்.ஓ.வும் ஓடாது, புற ஊதா விளக்கும் எரியாது. அக்டோபர் முதல் வாரத்திலேயே குடிநீருக்கு மூடியுள்ள இரண்டு பெரிய கேன்கள், ஒரு கிலோ புதிய பிளீச்சிங் பவுடர், குளோரின் மாத்திரை ஒரு பட்டை ஆகியவற்றை எடுத்து வைத்துவிடுங்கள். பிரித்து வைத்த பழைய பவுடர் வீரியம் இழந்திருக்கும்.

வெள்ளத் தண்ணீர் சம்புக்குள் புகுந்திருந்தால் அதை முழுதாக இறைத்துக் கொட்டி, மேலே சொன்னபடி கழுவி, புதிதாக நிரப்புங்கள். நிரப்பிய பிறகு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். அப்போதும் குடிப்பதற்குக் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள். போர் குழாயின் வாய் முழுகியிருந்தாலும் அந்தப் போரை உடனே குடிக்க எடுக்க வேண்டாம், பல மணி நேரம் இறைத்து விட்டு, குப்பிச் சோதனை செய்து பிறகு பாருங்கள். தெருவில் மூன்று நான்கு வீடுகளில் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு என்றால் 104-க்கு அழைத்துச் சொல்லுங்கள். சுகாதாரத் துறை வந்து தண்ணீரைப் பார்க்க அது உதவும்.

சம்ப் கழுவிய தேதியை மூடியின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். வீடு மாறும்போது அடுத்து வருபவரிடம் அந்த மூடியைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சாவியைக் கொடுப்போம்.